ஆறரை மணி மயில்

ஒரு மூச்சின் விலை ஒன்றரை ரூபாய் என்று செண்பகவல்லி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இன்ஹேலர் முந்நூறு ரூபாய், அதில் இருநூறு அமுக்கு. வகுத்தால் அவ்வளவுதான் வரும். டஜனாக எடுத்தால் விலை குறையுமா என்று மருந்துக்கடைக்காரனிடம் கேட்டும் பார்த்தாள். அவன் சிரித்தான். உமக்கு ஓசியில் கிடைப்பதை நான் விலைக்கு வாங்குகிறேன், சிரிக்காமல் எடுத்துக் கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வியாபாரத்தையும் வியாதியையும் ஜோடி சேர்த்தவன் யாரோ, அவனுக்குக் குசும்பு அதிகம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்தக்கடை. கடை முதலாளிக்கு ஆஸ்துமா. ஒரு சாக்கை அவிழ்த்தால் தெருவில் போகிறவன் தும்முவான், உள்ளே இருக்கிற இவளுக்கு நெஞ்சுக்கூடு பூட்டிக்கொள்ளும். கணவர் போய்ச் சேர்ந்தபின் பத்து வருஷமாக அந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். கொழுந்தன் வன்னியராஜ் மாதம் ஒருதரம் வந்து, "மதினி, உங்க உடம்புக்கு இது ஆகாது, ஒரு விலையைச் சொல்லுங்க" என்று கரிசனப்படுவான். அந்தக் கரிசனம் கடையின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டே வரும். கடைசியாக வந்தபோது இருமலில் பேச முடியாமல், சித்திரை வரை பொறு என்று கையைக் காட்டி அனுப்பியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் சிவதாணு வந்து சேர்ந்தான். அதே தெருவில் கடை வைத்துக் குருமிளகுத் தரகு பார்த்தவரின் மகன். அப்பாவுக்குப் பின் தரகு வேண்டாம் என்று மருந்தியல் படித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருந்தான். தரகை விட்டுவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்குப் புதிதாக ஒரு பொடி மருந்து வந்திருக்கிறது, உறிஞ்ச வேண்டும், பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வேறு ஏதோ, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது தனக்கும் தெரியாது என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான்.

"மூடின சாக்கை என் தலையில கெட்டப் பாக்கியா தாணு?" என்றாள் செண்பகவல்லி.

"காசு வேண்டாம்க்கா. பிடிக்கல்லன்னா எப்ப வேணும்னாலும் விட்டுட்டுப் போலாம்."

ஓசியில் கிடைக்கும் சாக்கை மூடியிருக்கிறது என்பதற்காக வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல அவள். கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதத்தில் கடை அடைக்கும்வரை கல்லாவில் உட்கார முடிந்தது. தனக்கு விழுந்தது நிஜ மருந்துதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

ஆராய்ச்சிக்கு ஆளைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை. பிடித்த ஆளை நிறுத்தி வைப்பதில்தான் தாவு தீர்ந்துபோகும். முதல் மாதம் அக்கறையாக வருவார்கள். இரண்டாம் மாதம் மச்சினிக்கு வளைகாப்பு. மூன்றாம் மாதம் போனை எடுக்கவே மாட்டார்கள். அதற்காகத்தான் கம்பெனி, டெக்னோபார்க்கிலிருந்து அஸ்வதி என்ற பெண்ணை அமர்த்தியிருந்தது. மனோதத்துவம் படித்தவள். மனிதன் எதற்கு மயங்குவான், எதை விட மாட்டான் என்பதைப் படித்துவிட்டு அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தப் படிப்பு சாலைத் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உண்டு என்றாலும், அங்கே யாரும் இதற்குப் பட்டம் கொடுப்பதில்லை.

அஸ்வதி உள்ளங்கை அளவில் ஒரு கருவி கொடுத்தாள். காலையில் குழாயில் ஊதி, முள் காட்டும் எண்ணை அதில் பதிய வேண்டும். மாலை ஆறரைக்கு அது மணியடித்து, இன்று மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்கும். ஒன்றை அமுக்கினால் உண்டு, இரண்டை அமுக்கினால் இல்லை. ஏன் ஆறரை? புதுப் பழக்கத்தைத் தனியாக நட்டால் பட்டுப்போகும், ஏற்கெனவே வேர்விட்ட பழக்கத்தோடு கட்டிவிட வேண்டும் என்பது அவள் சித்தாந்தம். வீட்டில் எது தவறினாலும் விளக்கு வைப்பது தவறாது, அதோடு கட்டினாள். அமுக்கியது சரிதானா என்று வயசானவர்கள் குழம்பக் கூடாது என்று, அமுக்கிய பதிலைக் கருவியே உரக்கத் திருப்பிச் சொல்லும். முன்பின் தெரியாத குரலை விடத் தெரிந்தவன் குரலுக்கு மதிப்பு அதிகம் என்று, சிவதாணுவையே பேச வைத்துப் பதிவு செய்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மயில். திரையில் மொட்டையாக ஒரு மயில் நிற்கும். ஒரு நாள் பதில் சொன்னால் தோகையில் ஒரு இறகு முளைக்கும். ஒரு நாள் தவறினால் ஒன்று உதிரும், உதிரும்போது மயில் தலையைக் குனிந்துகொள்ளும். கிடைக்கப் போவதற்காக மனிதன் அரை மைல் நடப்பான், கையில் இருப்பது போகாமல் இருக்க ஐந்து மைல் ஓடுவான் என்று அஸ்வதி விளக்கினாள்.

ஓடினார்கள். அதுதான் சிவதாணுவுக்கு முதலில் நம்ப முடியாமல் இருந்தது. கரமனை அக்ரகாரத்தில் வேலாயுதன் என்று ஓய்வுபெற்ற ஆடிட்டர், வாழ்நாள் முழுக்க ஊரார் கணக்கில் குற்றம் கண்டவர், ஒரு கல்யாண வரவேற்பில் மணமக்களுக்குக் கைகொடுக்க வரிசையில் நின்றவர், ஆறரைக்கு வரிசையை விட்டு மூலையில் போய் நின்று இறகை வாங்கிக்கொண்டு திரும்பினார். சாலையில் வெல்லக்கடைக்காரரும் எண்ணெய்க்கடைக்காரரும் கடையைத் திறக்குமுன் மயிலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செண்பகவல்லி கருவியைக் கல்லாவுக்குள் பணத்தின் மேல் வைத்தாள். ஒன்பது வாரம் முடிந்தபோது நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட விலகவில்லை. நாட்டில் வேறெந்த ஊரிலும் இப்படி நடக்கவில்லை என்று கம்பெனி பாராட்டி எழுதியது.

அடுத்த வாரம் ஹரிகுமார் வந்து இறங்கினார். கம்பெனியின் கண்காணிப்பாளர். சிரிக்க மாட்டார், சாயா குடிக்க மாட்டார், கொடுத்த நாற்காலியில் முழுசாக உட்காரவும் மாட்டார். பதில்கள் நேரே கம்பெனிக்குப் போகிறவை. சிவதாணுவுக்குத் தெரிவது பதில் வந்ததா இல்லையா என்பது மட்டும். என்ன பதில் என்பதை அன்றுதான் ஹரிகுமார் எடுத்து வைத்தார். காலையில் ஊதும் எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, அதாவது மூச்சு பலப்படுகிறது. மாலையில் கேட்டால் எல்லோருக்கும் திணறல். ஏறக்குறைய எல்லோருக்கும், ஏறக்குறைய எல்லா நாளும். காலையில் பந்தயக் குதிரை, மாலையில் ஆம்புலன்ஸ்.

இதற்கு ஒரே அர்த்தம்தான் தோன்றுகிறது என்று அவர் மலையாளத்தில் பதமாகச் சொன்னார். யாரோ ஒருவர் எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒன்றை அமுக்கிக்கொண்டிருக்கிறார். அந்த யாரோ எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை, பார்த்தார். மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த மையத்தை மூடிவிடப் பரிந்துரை போகும். மருந்து அன்றோடு நிற்கும்.

சிவதாணுவுக்கு வேலை போவது இரண்டாவது கவலையாக இருந்தது. முதல் கவலை, வத்தல் கடை. மருந்து நின்றால் அக்கா கல்லாவில் ஒரு வாரம் தாங்க மாட்டாள். சித்திரைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஆனால் பயத்தையும் மீறி ஒன்று அவனை அரித்தது. நாற்பத்தொரு பேர் சொல்லிவைத்து ஒரே பொய்யைச் சொல்வார்களா? சொன்னால் எதற்கு? நோயைக் கூட்டிச் சொன்னால் ஒரு காசு அதிகம் கிடையாது. லாபம் இல்லாத பொய்யை அவன் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து ஒரு நாளும் கண்டதில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்கே வத்தல் கடையில் போய் உட்கார்ந்தான். செண்பகவல்லி முகம் தெளிந்து, மூச்சு சீராக, ஒரு நாகர்கோவில்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தாள். கிலோவுக்கு எட்டணா குறைக்க அவர் கால் மணி நேரம் மன்றாடினார். இவள் மூச்சு வாங்காமல் மறுத்தாள். மறுத்தாளே தவிர, இவ்வளவு பேச்சிலும் முடியாது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் வரவில்லை. "அடுத்த லோடு வரட்டும் அண்ணாச்சி, பாத்துச் செய்யலாம்." அவர் போனார். கல்லாவுக்கு மேலே படத்துக்கு விளக்கு ஏற்றி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆறரைக்குக் கருவி மணியடித்தது. சிவதாணுவின் சொந்தக் குரல் கல்லாவுக்குள்ளிருந்து கேட்டது: இன்று மூச்சுத் திணறல் உண்டா?

அவள் யோசிக்கவே இல்லை. ஒன்றை அமுக்கினாள். "உண்டு" என்றது சிவதாணுவின் குரல், நிறைவாக. மயில் ஒரு இறகு விரித்தது.

"அக்கா, இன்னைக்குத் திணறலா?"

"எனக்கா? காலையில இருந்து கல்லு மாதிரி இருக்கேன்."

"பின்ன ஒண்ண அமுக்குதீயளே. ரெண்டுல்லா அமுக்கணும்." கையை நீட்டினான். பதிலை மாற்ற நினைத்தால் அதே நிமிஷத்தில் மாற்றலாம் என்று கருவியில் வழி உண்டு. இரண்டை அமுக்கினான். அவன் குரலே கடை முழுக்க முழங்கியது: "இல்லை."

செண்பகவல்லி கருவியை அவன் கையிலிருந்து பிடுங்கி ஒன்றை அமுக்கிவிட்டு, விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வத்தல் காரம் இருந்தது.

"விளக்கு வச்ச நேரம், வியாபாரம் நடக்குற இடம். உண்டான்னு ஒருத்தன் கேட்டா இல்லைன்னு சொல்லுவாளாலே? உங்க அப்பா கடையில சொல்லிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. மிளகு தீர்ந்துபோன நாளில் அப்பா "நாளைக்கு வரும்" என்பார். வீட்டில் அரிசிப் பானை காலியானால் அம்மா, அரிசி நிறைஞ்சிருக்கு என்பாள். அப்பா மறுபேச்சு இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்திக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான், குளிரூட்டிய அறையில் மைக் முன்னால் நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக என்று அஸ்வதி கேட்டதற்காக மூன்று தரம் "இல்லை, இல்லை, இல்லை" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். நாற்பத்தொரு இடத்தில், விளக்கு ஏற்றிய கையோடு ஒலிப்பதற்காக.

"பிடிக்கல்லன்னா அமுக்காம விட்டிருக்கலாமேக்கா."

"விட்டா இறகு போவுமே. ஒண்ணை அமுக்கினா மயிலுக்குத் தோகை, ரெண்டை அமுக்கினா கடைக்கு மூதேவி. நான் எதை அமுக்குவேன்?"

விசாரித்துப் பார்த்தான். வெல்லக்கடையிலும் அதே கதை, எண்ணெய்க்கடையிலும் அதே கதை. கரமனையில் வேலாயுதன் மட்டும் தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றார். வீட்டில் மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள், அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது ஹரிகுமார் முதல்முறையாக நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அஸ்வதிக்கு வெட்கமும் குதூகலமும் சேர்ந்து வந்தன. ஆள் போகாமல் கட்டிப்போட விளக்கைப் பிடித்தாள். அந்த விளக்கே பதிலைக் கெடுத்துவிட்டது. சுலபமான வழி உண்டு, கேள்வியைத் திருப்பிவிடலாம் என்றாள். மூச்சு சுகம்தானா என்று கேட்டால் உண்டு என்ற பதிலே நல்ல பதிலாகிவிடும்.

சிவதாணு சிரித்துவிட்டான். "அப்போ செத்துக்கிட்டு இருக்கவனும் சுகம் உண்டுன்னு அமுக்குவான் மேடம்."

நேரத்தை மாற்றலாமா என்று யோசித்தார்கள். மத்தியானம் கேட்டால் சாயங்காலத் திணறல் கணக்கில் வராது. அவனுக்கு அப்பாவின் தரகு நினைவுக்கு வந்தது. கடை நடுவே நின்று யாரும் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடிப்பார்கள். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது, பேரம் முடிந்துவிடும். வாய் சொல்லக் கூடாததை விரல் சொல்லலாம், அதில் யாருக்கும் தோஷம் இல்லை. கருவியின் வாயை அடைத்துவிடுங்கள் என்றான். கேள்வியை எழுத்தில் காட்டட்டும், பெரிய எழுத்தில். பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். ஒன்று, இரண்டு என்ற எண் போதும், அந்தச் சொல்லே திரையில் வரக் கூடாது.

ஹரிகுமார் ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு. பதிந்த பதிலை யாரும் திருத்த முடியாது. பழைய ஒன்பது வாரத்து மாலைப் பதில்கள் அப்படியே கிடக்கும், ஆனால் ஒதுக்கி வைக்கப்படும். புதிதாக ஒன்பது வாரம் நடக்க வேண்டும். குறைந்தது முப்பத்தைந்து பேராவது அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மையத்தை மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார்கள். இன்னொரு ஒன்பது வாரம் என்றதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. புதுக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும், மயில் மறுபடி மொட்டையாகத்தான் நிற்கும் என்று அஸ்வதி சொன்னதும் கூடம் கலகலத்துவிட்டது. எண்ணெய்க்கடைக்காரர் எழுந்தே விட்டார். முதலில் வாயைத் திறந்தவள் செண்பகவல்லி.

"தோகையைத் தொட்டா நான் வரல்ல."

சிவதாணு மனதுக்குள் தலைகளை எண்ணினான். இவள் போனால் சாலைக்காரர்கள் பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். எல்லோரையும் விட இழக்க அதிகம் இருப்பதும் இவளுக்குத்தான். பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னான்: "அக்கா, மருந்து நின்னா கடை போயிரும். அது வெறும் படம். விக்க முடியுமா, அடகு வைக்க முடியுமா?"

"முடியாது. அதாலதான் வேணும்." அவள் குரலைத் தணிக்கவில்லை. "என் கடையில விக்க முடிஞ்சது, அடகு வைக்க முடிஞ்சது எல்லாத்து மேலயும் எவன் கண்ணாவது கிடக்கு. பத்து வருசத்துல நான் சம்பாதிச்சதுல, ஒருத்தனும் கைமாத்து கேக்காதது இது ஒண்ணுதான், கேட்டியா."

ஹரிகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தமிழில் சொன்னார், அந்த இறகெல்லாம் தவறான பதிலுக்குக் கிடைத்ததல்லவா என்று.

"சாரே, பதில் சொன்னா இறகுன்னுதான் உங்க பேரம். நேரான பதில் சொன்னா இறகுன்னு சொல்லல்ல. நான் தினமும் பதில் சொன்னேன். சரக்கைக் குடுத்துட்டேன், விலையைத் திருப்பிக் கேக்காதீங்க."

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். ஹரிகுமார் அஸ்வதியைப் பார்த்தார்; அஸ்வதி தரையைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் கட்டிய சித்தாந்தத்தின் ஓட்டையை வத்தல் கடைக்காரி விரல் வைத்துக் காட்டிவிட்டாள். பதில் வந்ததற்கு அஸ்வதி கூலி கொடுத்தாள், உண்மைக்குக் கொடுக்கவில்லை.

பிறகு பேரம் தொடங்கியது. பழைய இறகு முழுக்கப் புது மயிலுக்கு வர வேண்டும் என்று செண்பகவல்லி கேட்டாள். முடியாது, கருவியில் இடம் இல்லை என்றாள் அஸ்வதி. இருக்கிற மயிலைச் சின்னதாக்கி மூலையில் நிறுத்தினால் இடம் வருமா? அது ஆடாமல் அசையாமல் நின்றால் வரும். நிற்கட்டும், ஆடி என்ன ஆகப் போகிறது. அதன் முன்னால் புதிதாக ஒரு மயில்குஞ்சை விடுங்கள், அது வளரட்டும். எத்தனை நாளாகும்? பத்து நாள், சேச்சி. மூன்று நாளில் முடியும். எட்டு. ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். அஸ்வதி தலையாட்டினாள். ஆட்டியபின்தான் ஒரு ரூபாய்கூட மாறாத பேரத்தில் தான் தோற்றிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மூன்று பேர் விலகினார்கள். அதில் ஒருவர் எண்ணெய்க்கடைக்காரர். கோபித்து எழுந்தபின் திரும்ப உட்கார அவருக்கு மனம் வரவில்லை. முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். மையம் பிழைத்தது.

அடுத்த வாரம் வன்னியராஜ் ஒரு தரகரையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். மதினி விலை சொல்லட்டும் என்றான். பகல் பதினொரு மணி. விளக்கு வைக்க நேரம் நிறையக் கிடந்தது. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, வருஷக்கணக்காக வாயில் அடக்கி வைத்திருந்ததை நிதானமாக எடுத்துச் சொன்னாள்: "இல்லை."

வாய் அடைத்த கருவியோடு முதல் வாரம் முடிந்தது. புது முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த ஒரு வாரத்துப் பதில்களை மட்டும் சிவதாணுவுக்கும் காட்டினார்கள். அக்காவுடையது ஏழும் இரண்டாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தவன் அசந்துபோனான். சாயங்காலம் கடைக்குப் போய்க் கேட்டான்.

"மூணு நாள் திணறல்னு அமுக்கியிருக்கீயளே. நிஜமாவா?"

"நிஜந்தான். புதுச் சாக்கு அவுத்த நாளு."

"அன்னைக்கு நான் கேட்டப்போ கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னீயளே."

"அன்னைக்கு இருந்தேன். எல்லா நாளும் இருந்தேன்னு நான் எப்பச் சொன்னேன்? ஒம்பது வாரமா நீயும் உங்க மேடமும் அந்தப் பெட்டியும் எனக்கு இறகுதான் குடுத்தீங்க. வாயைத் திறக்காம சொல்ல ஒரு வழி இந்த வாரந்தான் குடுத்தீங்க."

"அப்போ உங்களுக்கு விழுந்தது நிஜ மருந்துதானா, இல்..." என்று தொடங்கியவன், விளக்கு வைக்கும் நேரம் என்று கண்டு சொல்லை முடிக்காமல் விட்டான்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வழக்கம்போல விரல்விட்டு எண்ணினாள். மருந்துக்கு முன்னால் வாரத்தில் ஏழு நாளும் திணறல். இப்போது மூன்று. நாலு வரவு, மூணு பாக்கி. போன ஒன்பது வாரம் வாராக்கடன், அதைத் தள்ளிவிட வேண்டியதுதான். இனி வரவேண்டியது எட்டு வாரம்.